சிக்னல் முழுசாக இருந்தும் இரவில் நெட் இழுக்கிறதா?

இரவு 8 மணிக்கு மேல் நாலு கோடும் இருக்கிறது, வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்கிறீர்கள். போனை மாற்ற வேண்டாம். பெரும்பாலும் டவரில் நெரிசல்தான்.

அந்தக் கோடுகள் டவரின் அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மட்டுமே காட்டும். அதே அலைவரிசையை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்று காட்டாது. அதிலும் 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த பேண்ட் (அலைவரிசை) சுவரைத் தாண்டி நன்றாக வரும், ஆனால் அதன் அகலம் குறைவு, அதாவது ஒரே நேரத்தில் கொண்டுபோகும் டேட்டா குறைவு. வீட்டுக்குள் இருக்கும் பலருடைய போனும் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும்.

ஒன்று செய்து பாருங்கள். அதே அறையில், அதே இடத்தில் அதிகாலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் வேகச் சோதனை ஓட்டுங்கள். பிங்கையும் (டேட்டா போய்த் திரும்ப எடுக்கும் நேரம்) குறித்துக்கொள்ளுங்கள். காலையில் 30, இரவில் 300 மில்லிசெகண்ட் என்கிற மாதிரி வந்தால் நெரிசல்தான். அப்புறம் ஜன்னலோரம் போய் மறுபடி பாருங்கள். உயர்ந்த பேண்ட் பிடித்தால், கோடு ஒன்று குறைந்தாலும் வேகம் கூடும்.

அதிகாலையிலும் இதே மந்தம் என்றால் நான் சொன்னது பொருந்தாது. தினசரி டேட்டா வரம்பு தீர்ந்தாலும் இரவில் இப்படி இழுக்கும்; அதனால் இரவுச் சோதனைக்கு முன் அது தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.