வனத்துறையின் செயற்கைக்கோள் படத்தில் என் வீடு

கேள்வி: பெங்களூரு பன்னேர்கட்டா ரோட்டுக்கு உள்ளே, காட்டை ஒட்டிய ஒரு லேஅவுட்டில் 2011-ல் 30-க்கு 40 அடி ரெவின்யூ சைட் (வீட்டுமனையாக முறைப்படி மாற்றாத விவசாய நிலத்தில் பிரித்த மனை) வாங்கி, 2013-ல் வீடு கட்டினேன். பி காத்தா (முறைப்படுத்தாத சொத்துக்கான வரிப் பதிவேட்டுப் பதிவு), வரி ரசீது, கரன்ட் பில் எல்லாம் என் பெயரில். இரண்டு மாதம் முன்பு வனத்துறை ஆட்கள் செயற்கைக்கோள் படத்தோடும் ஜி.பி.எஸ். கருவியோடும் வந்து, சுவரில் சிவப்பு பெயின்ட்டில் எண் போட்டார்கள். கன்னடத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது காட்டு நிலத்தை ஆக்கிரமித்ததாக, கர்நாடக வனச் சட்டம் 64-ஏ பிரிவில் வெளியேற்ற நோட்டீஸ். பக்கத்து நான்கு மாடிக் கட்டடத்துக்கு எதுவும் வரவில்லை. ஓய்வுப் பணம் முழுக்க இந்த வீட்டில்தான் இருக்கிறது. 1978-க்கு முன்பிருந்தே அங்கே வீடு இருந்ததாகப் பிரமாணப் பத்திரம் போட்டால் தப்பிக்கலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள் ஐயா. ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எழுதிய ஆறு பக்கக் கடிதத்தில் ஒரே ஒரு எண் மட்டும் இல்லை. காட்டு எல்லையிலிருந்து உங்கள் வீடு எத்தனை மீட்டர் உள்ளே இருப்பதாக வனத்துறை சொல்கிறது? உங்கள் வழக்கே அந்த எண்தான்.

வரி ரசீதும் பி காத்தாவும் உரிமைப் பத்திரம் ஆகாது. பக்கத்துக் கட்டடத்தை விட்டுவிட்டார்கள் என்பது உண்மையாகவே இருக்கட்டும். இன்னொருவருக்குக் கிடைத்த தவறான சலுகையை எனக்கும் கொடு என்று அரசியலமைப்பின் 14-வது பிரிவின் (சமத்துவ உரிமை) கீழ் கேட்க முடியாது. உச்ச நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லிவிட்டது. ஓய்வுப் பணம் போன வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் நோட்டீஸை விசாரிக்கும் ஏ.சி.எஃப். (உதவி வனப் பாதுகாவலர்) முன்னால் அதைச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

செயற்கைக்கோள் படம் இரண்டு விஷயங்களைத்தான் காட்டும்: அங்கே ஒரு கூரை இருக்கிறது, எந்த வருஷத்துப் படத்திலிருந்து அது தெரிகிறது. அந்த மண் காடா இல்லையா என்பதைப் படம் சொல்லாது. அதைச் சொல்வது கர்நாடக வனச் சட்டம் 1963-ன் 17-வது பிரிவு அறிவிக்கையும் அதிலுள்ள எல்லை விவரமும்தான். பழைய எல்லையைக் கிராம வரைபடத்திலிருந்து கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து படத்தின் மேல் பொருத்துகிறார்கள். கோட்டுக்கு உள்ளே விழும் கூரைகளுக்கு எண் கொடுத்து, களத்தில் சரிபார்க்க ஆள் அனுப்புகிறார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தது அந்தக் குழுதான்.

பிழை வருவது பொருத்தும் இடத்தில். நம் பக்கத்துக் கிராம வரைபடங்கள் பெரும்பாலும் 8 அங்குலத்துக்கு 1 மைல், அதாவது 1:7920 அளவில் வரைந்தவை. வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் விலகினால் தரையில் கிட்டத்தட்ட 8 மீட்டர். உங்கள் சைட்டின் அகலமே 9 மீட்டர்தான். கையில் பிடிக்கும் சாதாரண ஜி.பி.எஸ். கருவி திறந்த வெளியிலேயே 3 முதல் 5 மீட்டர் தள்ளிக் காட்டும்; மரமும் கட்டடமும் சூழ்ந்தால் இன்னும் கூடும். படம் சாய்கோணத்தில் எடுத்ததாக இருந்தால் உயரமான கட்டடத்தின் கூரை அஸ்திவாரத்திலிருந்து விலகியும் தெரியும்.

அதனால் நீங்கள் கோட்டிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டருக்குள் இருந்தால், சண்டை போட விஷயம் இருக்கிறது. நோட்டீஸுக்கான பதிலிலேயே ஹத்துபஸ்து, அதாவது எல்லையை அளந்து குறிக்கும் சர்வே, கேளுங்கள். வனத்துறையும் ஏ.டி.எல்.ஆர். (நில ஆவண உதவி இயக்குநர்) அலுவலக சர்வேயரும் சேர்ந்து, டிப்பணி (பழைய அளவைக் குறிப்பு), ஆகார்பந்த் (நிலப் பரப்புப் பதிவேடு) வைத்து, சாதாரண ஜி.பி.எஸ்.ஸைவிடத் துல்லியமான டி.ஜி.பி.எஸ். கருவியால் அளக்க வேண்டும் என்று எழுத்தில் இருக்கட்டும். கர்நாடக அரசின் திஷாங்க் ஆப்பில் பார்த்த சர்வே நம்பரை ஆதாரமாக இணைக்காதீர்கள். அது உங்களுக்கு ஒரு தோராயம், அவ்வளவுதான். அறிவிக்கை காப்புக் காடு என்று இறுதியாக அறிவிக்கும் 17-வது பிரிவு வரை போனதா, முதற்கட்டமான 4-வது பிரிவோடு நிற்கிறதா என்பதையும் இதே சமயத்தில் பார்த்துவிடுங்கள்.

200 மீட்டர் உள்ளே என்றால் எந்தக் கருவிப் பிழையும் உங்களை வெளியே கொண்டுவராது.

இனி அந்தப் பிரமாணப் பத்திரம். நான் அதிகம் பேரை இழந்தது இந்த இடத்தில்தான். எல்லையில் நிஜமாகவே சந்தேகம் இருந்த ஒரு கட்சிக்காரர், என்னிடம் வருவதற்கு முன்பே, 'அப்பா காலத்து வீடு' என்று சத்தியம் செய்து தாக்கல் பண்ணியிருந்தார். எதிர்த்தரப்பு அதே இடத்தின் பழைய படங்களை வரிசையாக வைத்தது. 2009-ல் புதர், 2012-ல் புதர், 2014-ல் கூரை. அன்றைக்கே விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு எல்லைக் கோடு எட்டு மீட்டர் தவறு என்று நான் சொன்ன உண்மையைக்கூட யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

மரம் அழிந்த காலத்தைக் காட்ட 1970-களின் லேண்ட்சாட் படங்கள்கூட இருக்கின்றன. தனி வீட்டைக் காட்டும் துல்லியமான படங்கள் 2000-க்குப் பிறகு தாராளம். படத்தைச் சான்றாக ஏற்க, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவில் மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் வேண்டும் என்று நீங்கள் ஆட்சேபிக்கலாம். அவர்கள் அடுத்த வாய்தாவில் அதைக் கொண்டுவந்துவிடுவார்கள். நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சியத்துக்கு 7 வருஷம் வரை சிறை உண்டு. 2013 என்றால் 2013 என்றே எழுதுங்கள்.

நீங்கள் கையெழுத்துப் போட்டது மஹஜராகத்தான் (இடத்தைப் பார்த்து எழுதும் பதிவு) இருக்கும். நகல் வாங்கி, கன்னடம் நன்றாகத் தெரிந்தவரிடம் கொடுத்து வரிவரியாகப் படித்துக் கேளுங்கள். 'காட்டு நிலம் என்று தெரிந்தே கட்டினேன்' என்று ஒரு வரி இருந்தால், அதை மறுத்து உடனே பதிவுத் தபால் அனுப்ப வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். வழக்கு நடக்கும்போது மாடிப்படி, ஷீட், காம்பவுண்ட் எதுவும் போடாதீர்கள். அடுத்த படத்தில் அதுவும் வந்துவிடும்.

அக்ரம-சக்ரமாவில் (விதிமீறிய கட்டடங்களை முறைப்படுத்தும் திட்டம்) சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 1980-ஆம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டத்தின் 2-வது பிரிவுப்படி, மத்திய அரசின் முன் ஒப்புதல் இல்லாமல் மாநிலம் காட்டு நிலத்தை விட்டுக்கொடுக்க முடியாது. அதோடு, தனியாருக்குப் போன காப்புக் காட்டு நிலங்களை விசாரணைக் குழு வைத்துக் கண்டுபிடித்து மீட்கும்படி 2025 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. எந்த அதிகாரியும் இப்போது உங்களுக்காகக் கண்ணை மூடிக்கொள்ளத் துணிய மாட்டார்.

ஆழமாக உள்ளே இருந்தால் என் ஆலோசனை கசப்பானது. வனத்துறையோடு சண்டை வேண்டாம். கதவு, ஜன்னல், கம்பி, மோட்டார் எடுத்துக்கொண்டு போக அவகாசம் கேட்டு எழுதிக் கொடுங்கள். 64-ஏ உத்தரவு வந்துவிட்டால் கட்டடமே பறிமுதலுக்கு உள்ளாகும். சண்டையை, உங்களுக்கு சைட் விற்றவர் பக்கம் திருப்புங்கள். உங்கள் கிரயப் பத்திரத்தில் வில்லங்கம் வந்தால் ஈடு செய்வதாக ஒரு வரி இருக்கும். இல்லாவிட்டாலும் சொத்து மாற்றுச் சட்டம் 55(2) விற்றவரைப் பொறுப்பாக்குகிறது. உங்களுக்கு விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருஷம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் எண் போட்ட அன்றைக்கே அது ஓட ஆரம்பித்துவிட்டது.

லேஅவுட் போட்டவர் கையில் இன்னும் விற்காத சைட்டுகள் இருக்கும்வரைதான் அவர் பேச வருவார். முழுத் தொகையையும் வட்டியையும் கேளுங்கள். முக்கால் பங்கு கையில் கிடைப்பதாக இருந்தால் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். பத்து வருஷம் கழித்து வரும் கோர்ட் டிகிரியை (தீர்ப்பாணையை) நிறைவேற்ற அவர் பெயரில் ஒரு சென்ட் நிலம்கூட மிஞ்சியிருக்காது. இந்த வாரமே அவருக்கு வக்கீல் நோட்டீஸ் போகட்டும். மஹஜர் நகலும் அறிவிக்கை நகலும் கைக்கு வந்ததும், அந்த மீட்டர் கணக்கை எனக்கு எழுதுங்கள்.