எக்ஸலில் ஷாட் கணக்கு வைத்திருக்கும் 30 பேர் விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோ எந்த டிராக்கிங் சாஃப்ட்வேருக்கு மாறலாம்?

கேள்வியில் உள்ள விவரம் இது: சென்னையில் 30 பேர் கொண்ட ஸ்டுடியோ. ரோட்டோ (உருவங்களை ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்து பிரிப்பது), பெயிண்ட் (வேண்டாததை அழிப்பது), காம்ப் (எல்லாவற்றையும் ஒரே காட்சியாகச் சேர்ப்பது) மூன்றும் நடக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று படங்கள் ஓடும். ஷாட் லிஸ்ட் ஷீட்டில், கரெக்‌ஷன் எல்லாம் வாட்ஸ்அப்பில். பைப்லைன் டிடி (சாஃப்ட்வேர்களை இணைக்கும் ஸ்கிரிப்ட் எழுதுபவர்) கிடையாது, சிஸ்டம் அட்மின் ஒருவர் உண்டு.

இந்த அளவுக்குக் கிட்சு என்ற டிராக்கிங் சாஃப்ட்வேர் போதும். அதை முதலில் போட்டுப் பாருங்கள்.

சந்தையில் உள்ள நான்கைந்தில் எதை எடுத்தாலும் ஷாட், டாஸ்க், வெர்ஷன், நோட்ஸ் எல்லாம் இருக்கத்தான் செய்யும். டெமோவில் எல்லாமே அழகாகத் தெரியும். வேலை முடிந்ததும் ஆர்ட்டிஸ்ட் தானே ஸ்டேட்டஸ் மாற்றுகிறாரா, இல்லை சாயங்காலம் கோஆர்டினேட்டர் சீட் சீட்டாகப் போய்க் கேட்டு ஏற்றுகிறாரா என்று பாருங்கள். இரண்டாவது நடந்தால் நீங்கள் வாங்கியிருப்பது விலை கூடிய எக்ஸல்தான்.

பெரிய பெயர் ஷாட்கன். 2014-இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. 2021-இல் ஷாட்கிரிட் ஆனது. 2024-இல் ஃப்ளோ புரொடக்‌ஷன் டிராக்கிங் ஆனது. ஃப்ளோரில் பாதிப் பேர் இன்னும் ஷாட்கன் என்றுதான் சொல்வார்கள். உதவி தேடும்போது மூன்று பெயரையும் போட்டுத் தேடுங்கள், பழைய பதில்கள் பழைய பெயரில்தான் கிடக்கின்றன. வெளிநாட்டு வேலையில் கிளையன்ட் பெரும்பாலும் இதில்தான் இருப்பார். ஆனால் கிளையன்ட் உங்களுக்குத் தருவது அவருடைய தளத்தில் ஒரு லாகின். உங்கள் ஆர்ட்டிஸ்ட் யார், எத்தனை நாள் ஆனது என்பதெல்லாம் அங்கே போகக் கூடாது. ஆகவே அவர் எதில் இருந்தாலும் உங்களுக்கென்று தனியாக ஒன்று வேண்டும். "கிளையன்ட் அதில் இருக்கிறார், நாமும் அதையே வாங்குவோம்" என்ற வாதத்தில் நான் நினைத்த அளவு பலம் இல்லை.

எஃப்டிராக், ஸ்வீடனில் பிறந்தது. ரிவ்யூ பக்கம் நன்றாக இருக்கும். அதுவும் ஃப்ளோவும் ஆள் கணக்கில் சந்தா. பில் டாலரிலோ யூரோவிலோ வந்தால் மாற்று விகிதத்தோடு, ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்டவேண்டிய ஜிஎஸ்டியையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போடவேண்டும். இன்புட் கிரெடிட் எடுக்கலாம் என்றாலும் அந்த மாதம் கையிலிருந்து காசு போகும். பார்க்க மட்டும் வரும் டைரக்டர், எடிட்டர் ஆகியோருக்கும் தனி லைசென்ஸ் வேண்டுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ப்ராகிலிருந்து வரும் அயான் வேறு ரகம். பழைய ஓப்பன்பைப்பின் அடுத்த தலைமுறை. நியூக், மாயா, ஹூடினி போன்ற விஎஃப்எக்ஸ் சாஃப்ட்வேர்களின் உள்ளேயே உட்கார்ந்து ஃபைல் பெயர், ஃபோல்டர், பப்ளிஷ் (முடித்த ஃபைலை அடுத்தவருக்கு வெளியிடுவது) எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். டிடி இல்லாத இடத்தில் அதை நிறுவினால் முதல் நியூக் அப்டேட்டிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பின்னால் கிட்சுவோடு இணைக்க வழி இருக்கிறது. அதனால் இப்போது அவசரம் இல்லை.

கிட்சு, பிரான்ஸின் சிஜிவயர் நிறுவனம் செய்வது, ஓப்பன் சோர்ஸ். சொந்த சர்வரில் போட்டால் ஆள் கணக்குச் சந்தா கிடையாது. வரிசையில் ஷாட், நெடுவரிசையில் ரோட்டோ, பெயிண்ட், காம்ப் என்று ஷீட் மாதிரியே தெரிவதால் ஆர்ட்டிஸ்டுக்குப் பயிற்சி அதிகம் தேவைப்படாது. இன்னொன்றும் உண்டு: வெளிநாட்டு வேலை எடுக்கும்போது செக்யூரிட்டி தணிக்கையில் ஆர்ட்டிஸ்ட் மெஷினில் இன்டர்நெட்டே இருக்கக் கூடாது என்பார்கள். அப்போது கிளவுட் சேவை எதுவும் ஃப்ளோரில் திறக்காது. லோக்கல் சர்வரில் உள்ள கிட்சு திறக்கும்.

இனி, எதை எடுத்தாலும் சொதப்பும் இடங்கள்.

முதலாவது ஷாட் பெயர். நம் படங்களில் ரீல் எண்ணை ஷாட் கோடில் சேர்ப்பது பழக்கம். எடிட்டர் ஒரு சீனை இரண்டாம் ரீலிலிருந்து மூன்றாம் ரீலுக்கு நகர்த்தியதும் சிக்கல் ஆரம்பிக்கும். பெயரை மாற்றினால் பழைய ரெண்டர் பாத் எல்லாம் உடையும். மாற்றாவிட்டால் பெயர் பொய் சொல்லும். சீன் எண்ணையும் ஷாட் எண்ணையும் மட்டும் கோடில் வையுங்கள்: 045_0010, 045_0020 என்று பத்துப் பத்தாக. நடுவில் புது ஷாட் வந்தால் 045_0015. ரீல் எண் தனி நெடுவரிசையில் இருக்கட்டும்.

இந்த லிஸ்ட்டை எக்ஸலில் திறந்து சிஎஸ்வியாகச் சேமித்து ஏற்றும்போது ஷாட் எண் தனி செல்லில் இருந்தால் 0010 என்பதை எக்ஸல் 10 ஆக்கிவிடும். ஏற்றியபின் ஃபோல்டரில் 0010, டிராக்கரில் 10. எந்த ஸ்கிரிப்டும் பொருத்தாது. அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டுப் பிறகு எண்களை ஒட்டுங்கள். ஏற்றும் ஃபைலை ஒரு முறை நோட்பேடில் திறந்து பாருங்கள், எக்ஸலில் பார்த்தால் தெரியாது. தேதியிலும் இதே கதை: 03/04 மார்ச்சா ஏப்ரலா என்று சாஃப்ட்வேர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும்.

இரண்டாவது ஃப்ரேம் கணக்கு. பெரும்பாலான லிஸ்ட்டில் "மொத்த ஃப்ரேம்" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். அது போதாது. 96 ஃப்ரேம் ஷாட், இரண்டு பக்கமும் 8 ஃப்ரேம் ஹேண்டில் (கட்டுக்கு வெளியே கூடுதலாகத் தரும் ஃப்ரேம்) என்று வைத்துக்கொள்வோம். ப்ளேட் (படமாக்கிய மூலக் காட்சி) 1001-இல் தொடங்கி 1112-இல் முடியும். கட் இன் (படத்தில் ஷாட் தொடங்கும் ஃப்ரேம்) 1009, கட் அவுட் (முடியும் ஃப்ரேம்) 1104. இந்த நான்கு எண்ணும் தனித்தனியாக இருக்கவேண்டும். எடிட்டர் முன்பக்கம் 12 ஃப்ரேம் நீட்டினால் கட் இன் 997 ஆகிவிடும். ஹேண்டிலுக்கு மேல் 4 ஃப்ரேம் புதிதாகத் தேவை. அந்த 4 ஃப்ரேமுக்கும், புது ஹேண்டில் கேட்டால் அதற்கும் ப்ளேட் மறுபடி ஸ்கேன் ஆகி வரவேண்டும். ரோட்டோ, பெயிண்ட் இரண்டும் மறுபடி திறக்கவேண்டும். 1001-இல் தொடங்கும் வழக்கமே இதற்காகத்தான், முன்னால் கொஞ்சம் நீட்டினாலும் மைனஸ் எண் வராது. கிட்சுவில் ஃப்ரேம் இன், ஃப்ரேம் அவுட் இருக்கிறது. கட் இன், கட் அவுட் இரண்டையும் கூடுதல் நெடுவரிசையாகச் சேர்த்துக்கொள்ளலாம். கட் மாறிய ஷாட்டைத் தனி நிறத்தில் காட்ட ஒரு குறியும் வையுங்கள். காம்ப் ஆர்ட்டிஸ்ட் பழைய ரேஞ்சில் ரெண்டர் போட்டுக் கொடுப்பது அந்தக் குறி இல்லாததால்தான்.

மூன்றாவது ஸ்டேட்டஸ். ஆசை ஆசையாகப் பதினைந்து இருபது உருவாக்குவார்கள். ஆர்ட்டிஸ்டுக்கு மூன்று போதும்: செய்யவேண்டியது, நடக்கிறது, பார்க்கக் கொடுத்தாயிற்று. ரீடேக், ஓகே இரண்டும் சூப்பர்வைசர் கையில் மட்டும். கிளையன்டுக்குப் போனது, கிளையன்ட் ரீடேக், கிளையன்ட் ஓகே இவை கோஆர்டினேட்டருக்கு. உள்ளே ஓகே ஆனதையும் கிளையன்ட் ஓகே சொன்னதையும் ஒரே "டன்" என்று போட்டீர்களோ, மாதக் கடைசியில் பில் போட எத்தனை ஷாட் என்று யாராலும் சொல்ல முடியாது. படத்திலிருந்து நீக்கிய ஷாட்டை அழிக்காதீர்கள், "ஒமிட்" என்று ஒரு நிலை கொடுங்கள். அழித்தால் அதில் செய்த வேலை நாட்களும் சேர்ந்து போய்விடும். நீக்கிய ஷாட்டுக்கும் காசு கேட்கவேண்டிய நாள் வரும்.

நான்காவது, கையால் ஏற்றுவது. நியூக் ரெண்டர் முடிந்ததும் ஆர்ட்டிஸ்ட் பிரவுசர் திறந்து, ஷாட்டைத் தேடி, மூவ் (.mov வீடியோ) ஃபைலை இழுத்துப் போட்டு, கமெண்ட் எழுதவேண்டும் என்றால் மூன்றாம் வாரம் நிறுத்திவிடுவார். கிட்சுவுக்குக் கஸு என்ற பைத்தான் லைப்ரரி இருக்கிறது. ரெண்டர் பாத்திலிருந்து புராஜெக்ட், ஷாட், டாஸ்க், வெர்ஷன் நான்கையும் பிரித்தெடுத்து, மூவ் ஃபைல் உருவாக்கி, ஏற்றி, ஸ்டேட்டஸை "பார்க்கக் கொடுத்தாயிற்று" என்று மாற்றும் ஒரு பட்டனை நியூக் மெனுவில் வைக்கவேண்டும். பைத்தான் தெரிந்த ஒருவரிடம் வெளியில் கொடுத்தே வாங்கலாம், பெரிய வேலை இல்லை. ஃபோல்டர் அமைப்பு எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி இருந்தால்தான் இது ஓடும். ஒரு படத்தில் "காம்ப்", இன்னொன்றில் "காம்ப்_ஃபைனல்_புதுசு" என்று ஃபோல்டர் இருந்தால் அந்தப் பட்டன் அங்கேயே நின்றுவிடும். அதையும் சாஃப்ட்வேர் சரியில்லை என்றுதான் எழுதி வைப்பார்கள்.

சர்வர் விஷயம் சுருக்கமாக: உபுண்டு மெஷின் ஒன்று, டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். இடம் பெரிய பிரச்சினை இல்லை. 4 விநாடி மூவ் 8 மெகாபிட்டில் சுமார் 4 எம்பி. 300 ஷாட், ஷாட்டுக்கு ஆறு வெர்ஷன் என்றாலும் 7 ஜிபி சொச்சம். மூலத்தையும் மாற்றியதையும் சேர்த்து வைத்தால் இரட்டிப்பு. பேக்கப்பில் டேட்டாபேஸ் டம்ப் மட்டும் எடுத்து ப்ரிவ்யூ ஃபோல்டரை விட்டுவிடுவார்கள். திரும்ப ஏற்றினால் நோட்ஸ் இருக்கும், எந்த வெர்ஷனுக்கு எழுதியது என்று பார்க்க வீடியோ இருக்காது. இரண்டையும் எடுத்து, வேறொரு மெஷினில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

முடிவெடுக்கும் முன் எப்படிச் சோதிப்பது? முடிந்துபோன படத்திலிருந்து 40 ஷாட் எடுங்கள். ஒமிட் ஆனது, நீட்டியது, பத்து ரீடேக் போனது எல்லாம் கலந்து இருக்கவேண்டும். கிட்சுவில் ஒரு முறை, வேறு ஒன்றின் ட்ரயலில் ஒரு முறை ஏற்றுங்கள். புது கட்டின் ஈடிஎல் (எடிட்டரின் கட் பட்டியல்) கொடுத்தால் எந்த ஷாட்டின் நீளம் மாறியது என்று காட்டுகிறதா பாருங்கள். ஃப்ரீலான்சர் லாகினில் போய் அடுத்த படத்தின் ஷாட் தெரிகிறதா பாருங்கள். கிட்சுவில் இவர்களுக்கு வெண்டர் என்ற தனி ரோல் உண்டு. ஆர்ட்டிஸ்ட் லாகினில் பிட் நாட்கள் (வேலைக்கு முன்பே மதிப்பிட்டுக் கொடுத்த நாட்கள்) தெரியக் கூடாது. அதன்பின் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். சிஎஸ்வியில் இன்றைய நிலை மட்டும் வரும். நோட்ஸ், வரைந்து காட்டிய ஃப்ரேம், யார் எப்போது மாற்றினார் என்பது வராது. அவை ஏபிஐ (ஸ்கிரிப்ட் மூலம் தகவல் எடுக்கும் வழி) வழியாக வருமா என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சந்தா நின்றபின் கேட்டுப் பயனில்லை.

முதலாளி பார்க்க விரும்புவது பிட் நாளும் ஆன நாளும் பக்கத்தில் பக்கத்தில். டைம்ஷீட்டை அரை நாள் அளவில் மட்டும் கேளுங்கள். நிமிடக் கணக்கு கேட்டால் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து கற்பனையாக நிரப்புவார்கள். 200 ஷாட், சராசரி இரண்டரை நாள் என்றால் 500 ஆள் நாள். பத்துப் பேர், மாதம் 22 நாள் என்றால் இரண்டே கால் மாதத்துக்குக் கொஞ்சம் மேல். இந்தச் சராசரி மூன்றாம் வாரத்திலேயே மூன்றைத் தாண்டுகிறதா என்று தெரிந்தால் அப்போதே கிளையன்டிடம் பேசலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் படத்தை நடுவில் மாற்றவேண்டாம். அது ஷீட்டிலேயே முடியட்டும். அடுத்த படம் டர்ன்ஓவர் (எடிட்டிலிருந்து ஷாட்கள் கைக்கு வருவது) வரும் நாளிலிருந்து டிராக்கரில் தொடங்குங்கள். அந்தப் படத்துக்கு ஷீட்டே திறக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் கரெக்‌ஷன் வந்தால் கோஆர்டினேட்டர் அதை அந்த ஷாட்டின் கமெண்டில் ஒட்டிய பிறகுதான் ஆர்ட்டிஸ்ட் தொடங்கவேண்டும். சூப்பர்வைசரும் இதற்குக் கட்டுப்படவேண்டும். பெரும்பாலும் முதலில் மீறுவது அவர்தான்.