காணாமல் போன பூஜ்யமும் ஒரு ரூபாயும்: புதிர் கேள்வி பதில்

கேள்வி: சார், எந்த நான்கு இலக்க எண்ணை எடுத்தாலும், அதன் இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழித்து, வரும் விடையையும் அதேபோல் கழித்துக்கொண்டே போனால், கடைசியில் 6174 வரும் என்றீர்கள். 2111-ஐ எடுத்தேன். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதினால் 2111, ஏறுவரிசையில் 1112. கழித்தால் 999. மறுபடி 999-இல் 999 போனால் ஒன்றுமே இல்லை. எங்கே 6174?

பதில்: 999 இல்லை, 0999. முன்னால் இருந்த பூஜ்யத்தைத் தொலைத்துவிட்டீர்கள். 9990-இல் 0999 போக 8991. அப்புறம் 9981 − 1899 = 8082, 8820 − 0288 = 8532, 8532 − 2358 = 6174. ஐந்தாவது கழித்தலில் வந்துவிட்டது. எந்த எண்ணுக்கும் ஏழுக்கு மேல் தேவைப்படாது. 4444 மாதிரி நான்கும் ஒரே இலக்கமானால் மட்டும் வேலைக்காகாது. 1949-இல் இதைக் கண்டுபிடித்த கப்ரேக்கர், மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியார்.

கேள்வி: மூன்று பேர் ஆளுக்கு 10 ரூபாய் போட்டு 30 ரூபாய் கட்டினார்கள். பில் 25தான் என்று முதலாளி 5 ரூபாயைச் சர்வரிடம் கொடுத்தனுப்பினார். அவர் 2 ரூபாயைப் பையில் போட்டுக்கொண்டு ஆளுக்கு 1 ரூபாய் கொடுத்தார். மூன்று ஒன்பது 27, சர்வரிடம் 2, ஆக 29. மீதி 1 ரூபாய் எங்கே?

பதில்: சர்வரின் 2 ரூபாய் அந்த 27-க்குள்ளேயே இருக்கிறது: கல்லாவில் 25, அவர் பையில் 2. உள்ளே இருப்பதையே மறுபடி கூட்டினால் அது என்ன கணக்கு? கூட்ட வேண்டியது திரும்பி வந்த 3 ரூபாயை. வாராவாரம் யாராவது இதைக் கேட்டுவிடுகிறீர்கள், இத்தோடு விடுங்கள்.

கேள்வி: ஒரு தெருவில் 1, 2, 3 என்று வரிசையாக வீட்டு எண்கள். ஒரு வீட்டுக்கு இடப்பக்க எண்களின் கூட்டலும் வலப்பக்க எண்களின் கூட்டலும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அந்த வீட்டின் எண் என்ன? இதை ராமானுஜன் அடுப்படியில் நின்றபடியே போட்டாராமே, கட்டுக்கதைதானே?

பதில்: கட்டுக்கதை இல்லை. கேம்பிரிட்ஜில் அப்போது கூட இருந்த, பின்னாளில் புள்ளியியல் அறிஞரான மகலனோபிஸ் சொன்னது. பத்திரிகையில் வந்த புதிரை அவர் வாசிக்க, காய் கிளறிக்கொண்டிருந்த ராமானுஜன் ஒரு தொடர்பின்னத்தை (பின்னத்தின் கீழே இன்னொரு பின்னம் என்று நீண்டுகொண்டே போவது) சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். ஒரு விடை அல்ல, எல்லா விடைகளும் அதற்குள் அடக்கம்.

நமக்குக் காகிதம் வேண்டும். தெருவின் மொத்தக் கூட்டல், அந்த வீட்டு எண்ணின் வர்க்கமாக இருக்க வேண்டும். 8 வீட்டுத் தெருவில் 6-ஆம் எண்ணைப் பாருங்கள்: 1 முதல் 5 வரை கூட்டினால் 15, ஏழும் எட்டும் 15. மொத்தம் 36, ஆறின் வர்க்கம். அடுத்து 49 வீட்டில் 35. அதற்கடுத்து 288 வீட்டில் 204, பத்திரிகை கேட்டது இதைத்தான். 1, 6, 35, 204 என்ற வரிசையைக் கவனியுங்கள். கடைசி எண்ணை ஆறால் பெருக்கி, அதற்கு முந்தையதைக் கழித்தால் அடுத்தது வரும். அப்படிப் போட்டால் 204-க்குப் பிறகு 1189.

கேள்வி: வரிசை 1-இல் தொடங்குகிறதே, அது எந்தத் தெரு?

பதில்: ஒரே ஒரு வீடுள்ள தெரு. இந்தப் பக்கமும் வீடில்லை, அந்தப் பக்கமும் இல்லை. பூஜ்யமும் பூஜ்யமும் சமம்தானே?