நான்கு வயது மகனுக்கு வண்ணம் தீட்ட வைத்தே எண்களையும் நிறங்களின் பெயரையும் சொல்லித்தர முடியுமா?

உங்கள் மகன் இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கிறான், ஆனால் "மூணு கிரேயான் எடு" என்றால் கைநிறைய அள்ளுகிறான். சிவப்பையும் பச்சையையும் மாற்றி மாற்றிச் சொல்கிறான். வண்ணம் தீட்டும் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 12 வருடமாக எல்.கே.ஜி. பிள்ளைகளோடு இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். முடியும், அவன் தீட்டும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். கடையில் எண்ணைப் பார்த்து நிறம் அடிக்கும் புத்தகங்கள் கிடைக்கும். 1 என்றால் மஞ்சள், 2 என்றால் பச்சை, 3 என்றால் சிவப்பு என்று மேலே போட்டிருக்கும். கட்டத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்து அடித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு கிளி வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைத்தான் கட்டுக்கட்டாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். ஒருநாள் ஒரு குட்டிப் பெண்ணிடம், "மூணு கட்டை எடுத்துட்டு வாடா கண்ணு" என்றேன். ஓடிப்போய் ஒரே ஒரு சிவப்புக் கட்டையை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். "மூணு கேட்டேனேம்மா?" "இதுதான் மிஸ் மூணு." அவள்மேல் தப்பே இல்லை. நான் கொடுத்த தாளில் 3 என்பது சிவப்புக்கு இன்னொரு பேர், அவ்வளவுதான். அன்றோடு அந்தத் தாள்களை நிறுத்தினேன். எண்ணத் தெரிந்த யு.கே.ஜி. பிள்ளைக்கு அது நல்ல விளையாட்டு. உங்கள் மகனுக்கு இப்போது வேண்டாம்.

ஒன்று, ரெண்டு என்று ஒப்பிப்பது குழந்தைக்குப் பாட்டு மாதிரி. எண்ணுவது வேறு. ஒரு பொருளுக்கு ஒரு எண்தான், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பதெல்லாம் பிறகு தனித்தனியாகப் பிடிபடுகிற விஷயங்கள். கெல்மன், காலிஸ்டல் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1978-லேயே இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். வீட்டிலேயே பார்த்துவிடலாம். நாலு புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொல்லுங்கள். முடித்ததும், "மொத்தம் எத்தனைடா?" என்று கேளுங்கள். "நாலு" என்று சொல்லாமல் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், மொத்தம் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

வண்ணம் தீட்டுவது இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. புளியங்கொட்டையை எண்ணும்போது எதை எண்ணினோம், எதை விட்டோம் என்று பிள்ளைக்கு மறந்துபோகும். தீட்டிய மாங்காயோ தீட்டாத மாங்காயிலிருந்து தனியாகத் தெரியும். ஆகவே ஒரு வெள்ளைத் தாளில் ஏழு மாங்காய் வரையுங்கள், கோணலாக இருந்தாலும் சரி. "மூணு மாங்காய்க்கு மட்டும் பச்சை அடி" என்று சொல்லுங்கள். "மட்டும்" என்பதில்தான் மொத்தப் பாடமும் இருக்கிறது. மூன்றை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும், மூன்று வந்ததும் கையை நிறுத்த வேண்டும். நிறுத்துவதுதான் கஷ்டம். முதல் வாரம் ஏழுக்கும் அடித்துவிட்டுத்தான் நிமிர்வான், திட்டாதீர்கள். "எத்தனைக்கு அடிச்சே?" என்று கேட்டு, அவன் விரலைப் பிடித்துத் தொட்டுத்தொட்டு எண்ண வையுங்கள். மூன்று சரியாக வரும்வரை நாலுக்குப் போக வேண்டாம். அவன் தீட்டி முடித்த பிறகு 3 என்ற எண்ணை ஓரத்தில் நீங்களே எழுதிக் காட்டினால் போதும். வாசலில் புள்ளிக் கோலம் போடுகிற வீடு என்றால் இன்னும் நல்லது. புள்ளி வைக்கும்போது அவனை எண்ணச் சொல்லுங்கள், ரெண்டு பூவுக்கு மட்டும் கலர்ப்பொடி தூவச் சொல்லுங்கள்.

நிறத்துக்கு வருகிறேன். 24 நிறப் பெட்டியை அப்படியே கையில் கொடுக்காதீர்கள். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவருடைய முதல் நிறப்பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்றே நிறங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடிப் பலகை. சொல்லித்தருவதும் மூன்று படிதான். "இது சிவப்பு" என்று நாம் சொல்வது, "சிவப்பைக் காட்டு" என்று கேட்பது, கடைசியில் "இது என்ன நிறம்?" என்று கேட்பது. நாம் எல்லோரும் எடுத்த எடுப்பிலேயே மூன்றாவது கேள்விக்குத் தாவிவிடுகிறோம். இரண்டாவது படியில் ஒரு வாரமாவது நில்லுங்கள். "சிவப்புப் பந்து பார்" என்பதைவிட "பந்து பார், பந்து சிவப்பு" என்று பொருளை முன்னால் வைத்துச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று ஏறுவதை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

நம் வீட்டுப் பேச்சையும் கொஞ்சம் கவனியுங்கள். நிறைய வீடுகளில் நீலத்தையும் ஊதா என்பார்கள், கத்தரிப்பூ நிறத்தையும் ஊதா என்பார்கள். பாட்டி ஒன்று, அம்மா ஒன்று, மிஸ் ஒன்று சொன்னால் குழந்தை என்ன செய்யும்? வீட்டில் எல்லோரும் பேசி ஒரே பேராக வைத்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் ஒரு பையன் குடத்தை விட்டுவிட்டு உள்ளே இருந்த தண்ணீருக்கு மட்டும் அழுத்தி அழுத்திப் பச்சை அடித்தான். ஏன் என்று கேட்டேன். "பச்சத் தண்ணிதானே மிஸ் குடத்துல இருக்கும்" என்றான். ஒரு சொல்லை அவன் எவ்வளவு கவனமாகக் கேட்டிருந்தால் இது வரும்! அவனைக் கிட்டே உட்கார வைத்து, காய்ச்சாத தண்ணீரை அப்படிச் சொல்வோம் என்று விளக்கினேன். அந்தத் தாளை இன்னமும் வைத்திருக்கிறேன்.

புது நீளக் கிரேயானைவிட உடைந்த குட்டித் துண்டு நல்லது. மூன்று விரலால்தான் பிடிக்க முடியும் என்பதால் பென்சில் பிடி தானாகப் பழகும்.

கடைசியாக, சிவப்பு பச்சைக் குழப்பம். பேரைக் கேட்காமல் ஒன்று செய்து பாருங்கள். ரெண்டு சிவப்பு, ரெண்டு பச்சைத் துண்டுகளைக் கலந்து போட்டு, ஒரே மாதிரி இருப்பதை ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். சரியாகச் சேர்த்தால் பெரும்பாலும் சொல்தான் பிடிபடவில்லை, மேலே சொன்னது போதும். பலமுறை செய்தும் ஜோடியே தப்பாகச் சேர்த்தால் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத குறை ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். பையனுடைய அம்மாவின் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ அது இருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். அம்மா வழியாகத்தான் அது மகனுக்கு வரும்.