ரீச்சரிடம் கேளுங்கோ: முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே றக்கெற்

(பதில் தருபவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. இப்போது நல்லூரில் தன் வீட்டு விறாந்தையில் பட்மின்ரன் றக்கெற்றுகளுக்கு நரம்பு போட்டுக் கொடுக்கிறார்.)

கேள்வி: ரீச்சர், எனக்கு வயது 26, வங்கியில் வேலை. பின்னேரங்களில் எங்கள் சனசமூக நிலையத்தின் வெளிக் கோட்டில் லைற் போட்டு பிளாஸ்ரிக் ஷட்டிலில் டபிள்ஸ் விளையாடுகிறோம். ஞாயிறுகளில் உள்ளரங்கு. பாட்னர் யாரென்று அன்றன்றுதான் தெரியும் என்பதால் முன்னுக்கும் நிற்பேன், பின்னுக்கும் நிற்பேன். இப்போது கையில் இருப்பது நண்பன் தந்த, யொனெக்ஸ் கம்பனியின் ஒரு அஸ்ட்ரொக்ஸ் றக்கெற், எடை 3யூ. ஸ்மாஷ் நன்றாக விழுகிறது. ஆனால் எதிரே நிற்பவர் நெற் ஓரமாக வேகமாக அடித்தால் என் கை பிந்துகிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனில் இருந்து மாமா வருகிறார், ஒன்று வாங்கி வருகிறாராம். எல்லாவற்றுக்கும் பொதுவான றக்கெற் எது? மொடலின் பெயரைச் சொன்னால் போதும்.
– ஒரு வாசகர், கொக்குவில்

பதில்: பெயரை மட்டும் சொன்னால் மாமா அந்தப் பெயரிலேயே பிழையான எடையில், பிழையான பிடியில் ஒன்றை வாங்கி வருவார் தம்பி. அதனால் கொஞ்சம் பொறுங்கோ.

உங்கள் கையில் பிழை இல்லை. அஸ்ட்ரொக்ஸ் வரிசையில் பெரும்பாலானவை தலைப் பாரம் கூடியவை, பின்னால் நின்று ஸ்மாஷ் அடிக்கவென்றே செய்தவை. அதைத் தூக்கி நெஞ்சுக்கு நேரே வரும் பந்தைத் திருப்ப வேண்டுமென்றால் தலை வந்து சேரப் பிந்தும். வீட்டிலேயே பார்க்கலாம். தண்டைச் சுட்டுவிரலின் மேல் கிடையாக வையுங்கோ. எந்த இடத்தில் விழாமல் நிற்கிறதோ, பிடியின் அடியில் இருந்து அந்த இடம் வரை அளவுகோலால் அளந்து பாருங்கோ. றக்கெற்றின் முழு நீளம் ஏறக்குறைய 675 மில்லிமீற்றர். அளவு 295ஐத் தாண்டினால் தலைப் பாரம், 285க்குக் கீழே என்றால் தலை லேசு, இடையில் நின்றால் சமநிலை. கம்பனிக்குக் கம்பனி கணக்கு சற்று மாறும், நரம்பும் கிறிப்பும் போட்டபின் இன்னும் மாறும், ஆனாலும் இரண்டு றக்கெற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட இது போதும்.

உங்களுக்குத் தேவை அந்த நடு ரகம். சிலர் இதை "இரண்டும் கெட்டான்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஊர்க் கோட்டில் ஒரே ஆட்டத்தில் பத்துத் தரம் இடம் மாறி நிற்பவருக்கு இதை விட்டால் வேறு எது பொருந்தும் என்று அவர்களிடம் கேளுங்கோ. யொனெக்ஸின் தலை லேசான நனோஃப்ளேர் வரிசைப் பக்கம் ஒரேயடியாகத் தாவவும் வேண்டாம். நெற்றில் கை பறக்கும், உண்மைதான். ஆனால் அஸ்ட்ரொக்ஸில் பழகிய தோளுக்குப் பின்னால் இருந்து அடிக்கும்போது "என்ன, பந்து போகுதில்லையே" என்றிருக்கும். அப்புறம் தோளைப் போட்டு முறுக்குவீர்கள்.

அடுத்தது எடை. பிடிக்கு மேலே தண்டு தொடங்கும் கூம்பில் 4யூ என்று இருந்தால் 80 முதல் 84 கிராம், 3யூ என்றால் 85 முதல் 89. ஐந்து கிராம் ஒரு ஓவர்கிறிப்பின் பாரம், அதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பிடியில் சுற்றிய ஐந்து கிராம் தெரியவே தெரியாது. தலைப் பக்கம் கூடிய ஐந்து கிராம் மூன்றாவது செற்றில் தெரியும். வேலை முடிந்து களைத்து வந்து விளையாடுகிறவருக்கு 4யூ. பிடி ஜி5. யொனெக்ஸில் ஜிக்குப் பக்கத்தில் இருக்கும் எண் கூடக் கூடப் பிடி மெலியும். மெல்லிய பிடியை ஓவர்கிறிப் சுற்றித் தடிப்பாக்கலாம், தடித்ததைச் சீவ முடியாது.

தண்டின் விறைப்பைப் பற்றித்தான் கடைகளில் ஒருவரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. விறைத்த தண்டு, கையை மிக வேகமாக வீசுகிறவருக்கு நல்ல குறி தரும். மற்றவர்களுக்கு அது பலகை. பந்துக்குப் பிந்திப் போய் அரைகுறையாக அடித்தாலும் நடுத்தர வளைவுள்ள தண்டு அதைப் பின்கோடு வரை கொண்டுபோய் விடும். ஞாயிற்றுக்கிழமை உள்ளரங்கில் உங்களைவிடப் பத்து வயது குறைந்த பொடியங்களோடு விளையாடும்போது அரைகுறை அடிகள்தான் கனக்க வரும்.

சரி, பெயர். யொனெக்ஸில் ஆர்க்சேபர் 7 ப்ரோ: சமநிலை, நடுத்தர வளைவு, நீங்கள் கேட்டது அப்படியே இருக்கிறது. ஆர்க்சேபர் 11 ப்ரோவும் சமநிலைதான், ஆனால் தண்டு விறைப்பு. அதைப் பிறகு பார்க்கலாம். ப்ரோ விலை மாமாவுக்குக் கூடுதல் என்றால் அதே வரிசையில் டுவர், ப்ளே என்று இறங்கி வரும் மொடல்கள் உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை. விக்ரர் கம்பனியில் என்றால் ட்ரைவ்எக்ஸ் வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கோ, அங்கே த்ரஸ்ரர் பலத்துக்கு, ஒராஸ்பீட் வேகத்துக்கு, ட்ரைவ்எக்ஸ் பொதுவுக்கு. மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கோ: "4யூ, ஜி5, சமநிலை, நடுத்தர வளைவு, நரம்பு போடாதது."

நரம்பு போடாதது என்று நான் சொல்வது என் பிழைப்புக்காக அல்ல. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான். ஆனால் கடையில் போட்டே வரும் நரம்பு எத்தனை இறாத்தலில் இழுத்தது என்று பெரும்பாலும் ஒருவருக்கும் தெரியாது. உங்களுக்கு 0.70 மில்லிமீற்றர் தடிப்புள்ள யொனெக்ஸ் பிஜி 65 நரம்பு, 23 இறாத்தல் இழுவையில். வெளிக் கோட்டில் பிளாஸ்ரிக் ஷட்டில் அடிக்கிறீர்கள் என்பதால் அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். ஒரே றக்கெற்றை 20 இறாத்தலிலும் 26 இறாத்தலிலும் தந்தால் இரண்டும் வேறு வேறு றக்கெற் என்று சத்தியம் செய்வீர்கள். பலர் காசைப் பிறேமில் கொட்டிவிட்டு நரம்பில் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள், எனக்கு அது விளங்குவதே இல்லை.

இன்னொன்று, சோளகக் காற்று வீசும் மாதங்களில் "பாரமான தலை இருந்தால் காற்றை வெட்டலாம்" என்று உங்கள் கோட்டில் யாராவது சொல்வார். காற்று இழுப்பது ஷட்டிலை. இருட்டி, காற்று விழுந்த பிறகு தொடங்குங்கோ. மாமாவின் பெட்டி 67.5 சென்ரிமீற்றருக்கு இடம் தருமா என்றும் முதலே கேட்டு வையுங்கோ, மூலைக்கு மூலை வைத்தால் போகும்.

கேள்வி: மகளுக்கு 11 வயது. பாடசாலை அணியில் சேர்த்திருக்கிறார்கள். கடையில் இரண்டு மட்டையும் ஷட்டிலும் பையும் சேர்த்து மலிவாக இருக்கிறது. அண்ணனின் பழைய றக்கெற்றும் வீட்டில் கிடக்கிறது. எதைக் கொடுக்க?
– ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: அந்தச் செற் முற்றத்தில் விளையாட நல்லது, அணிக்கு வேண்டாம் தங்கச்சி. அவற்றில் பல இரும்புத் தண்டு, பாரம். பிள்ளை மணிக்கட்டால் அடிக்கப் பழகாமல் முழுக் கையையும் சுழற்றப் பழகிவிடும், பிறகு அதை மாற்ற நாங்கள் படும் பாடு வேறு.

அண்ணனின் றக்கெற் கிறபைற் என்றால் முதலில் அதைப் பாருங்கோ. பிறேமை விரலால் சுற்றித் தடவி, வெடிப்போ பள்ளமோ இருக்கிறதா என்று தேடுங்கோ. நரம்பு போகும் துளைகளில் இருக்கும் சின்னக் குழாய்கள் உடைந்திருந்தால் மாற்றலாம், அது பெரிய செலவில்லை. பிறேம் வெடித்திருந்தால் விட்டுவிடுங்கோ. புதிதாக வாங்குவதென்றால் 5யூ, அதாவது 75 முதல் 79 கிராம், நன்றாக வளையும் தண்டு, மெல்லிய பிடி, 20 இறாத்தல் நரம்பு. 11 வயதுக்கு முழு நீள றக்கெற்றே சரி, குட்டி றக்கெற் தேவையில்லை.

கேள்வி: 28 இறாத்தலில் பிஜி 66 அல்டிமாக்ஸ் போட்டேன். ஒரு கிழமை நிற்கவில்லை. றக்கெற்றிலா பிழை, நரம்பிலா?
– ஒரு வாசகர், பருத்தித்துறை

பதில்: இரண்டிலும் இல்லை. 0.65 மில்லிமீற்றர் நரம்பை 28 வரை இழுத்து, நடுவில் படாமல் ஓரத்தில் அடித்தால் அறுந்துதான் போகும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எங்கள் நாட்டு நிலூக கருணாரத்ன ஜப்பானின் கெனிச்சி தகோவை வென்ற நாட்களில் என் மாணவர்கள் எல்லோருக்கும் நரம்பை இறுக்கிப் போடும் ஆசை வந்தது. இறுக்கம் கூடினால் பந்து நன்றாகத் தெறிக்கும் அடியிடம் சுருங்கும், உந்தலும் குறையும். அதை ஈடுகட்ட அந்த ஒலிம்பிக் வீரர்களின் வீச்சு வேண்டும். 24க்கு இறங்குங்கோ. உங்கள் றக்கெற் எத்தனை இறாத்தல் தாங்கும் என்று கூம்பில் அச்சிட்டிருக்கும், அதையும் ஒருக்கால் பாருங்கோ. இனி அறுந்தால், அறுந்த கையோடு மிச்ச நரம்பையும் நடுவில் இருந்து வெளிப்பக்கமாக வெட்டிவிடுங்கோ. ஒரு பக்கம் மட்டும் இழுபட்டுக் கிடந்தால் பிறேம் கோணும்.

கேள்வி: பிளாஸ்ரிக் ஷட்டிலில் பச்சை, நீலம், சிவப்பு வளையம் போட்டு வருகிறதே, எங்களுக்கு எது?
– ஒரு வாசகி, மானிப்பாய்

பதில்: பச்சை. யொனெக்ஸ் மேவிஸில் பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். சூடான காற்று ஐதானது, ஷட்டில் அதில் தூரம் போகும், அதனால் எங்கள் வெக்கைக்கு மெதுவானது தேவை. இறகு ஷட்டில் வாங்கினாலும் அதே கணக்குத்தான்: 75, 76, 77 என்று வரும் எண்களில் குறைந்தது மெதுவானது. சந்தேகம் என்றால் பின்கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழு வீச்சில் நேரே ஒன்று அடியுங்கோ. எதிர்ப் பின்கோட்டுக்கு 530 மில்லிமீற்றர் முதல் 990 மில்லிமீற்றர் வரை இப்பால் விழுந்தால் அந்த ஷட்டில் அன்றைய காற்றுக்குச் சரி. கோட்டைத் தாண்டிப் போனால் கடைக்காரர் நீலத்தைத் தந்துவிட்டார், திருப்பிக் கொடுங்கோ.