எல்லாம் ஒரே புல்

கேள்வி: எங்களுக்கு எருத்தேம்பதிப் பக்கம் ஒன்றரை ஏக்கர், ஆறு கறவை. நிலம் முழுக்க கோ-4 புல். கிழக்கு வரப்பை ஒட்டி மட்டும் மாமியார் காலத்துச் செஞ்சோளத்தை விடாமல் விதைத்து வருகிறேன். "அங்கேயும் கோ-4 வை. நோய்க்குப் பயம் என்றால் நாலு தோட்டத்துக் கரணையை, அதான் நடுகிற தண்டுத் துண்டை, கலந்து நட்டால் போச்சு" என்கிறார் வீட்டுக்காரர். சரிதானா?
- ஒரு வாசகி, பாலக்காடு மாவட்டம்

பதில்: நாலு தோட்டமென்ன, நாற்பது தோட்டத்தில் வாங்கினாலும் அது ஒரே செடிதான், அம்மணி. கோ-4 கம்புக்கும் நேப்பியர் என்கிற யானைப்புல்லுக்கும் பிறந்த ஒட்டு. கம்புக்குக் குரோமோசோம் 14, நேப்பியருக்கு 28, பிள்ளைக்கு 21. கோவேறு கழுதை குட்டி போடாத கதைதான், இதுவும் விதை கட்டாது. 2008-இல் கோவையில் வெளியிட்ட ரகத்தைக் கரணை கரணையாக வெட்டித்தான் ஊரெல்லாம் நட்டிருக்கிறோம். ஒரு தூருக்கு ஆகாதது எல்லாத் தூருக்கும் ஆகாது.

என் தோட்டத்தில் ஓர் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் நின்று, அரை ஏக்கரும் ஒரே வாரத்தில் மஞ்சளடித்தது. பிழைத்த தூர் என்று காட்ட ஒன்றுகூட இல்லை. கென்யாவில் நேப்பியருக்குக் கரிப்பூட்டை என்ற பூஞ்சை நோய் வந்தபோது, சேகரித்து வைத்திருந்த பலவகை நேப்பியரையும் சோதித்துத்தான் நோய் தாங்கும் கக்கமேகா-1 ரகத்தைப் பிடித்தார்கள். சேகரிப்பு இல்லையென்றால் எதில் போய்த் தேடுவது?

அதற்காக கோ-4ஐப் பிடுங்க வேண்டாம். தண்ணீர் இருந்தால் அதன் விளைச்சலுக்குச் சோளம் ஈடாகாது. ஆனால் ஆழியாற்றுத் தண்ணீர் தள்ளிப்போகும் வருஷம் அது படும் பாட்டை நீங்களே பார்த்திருப்பீர்கள். இரண்டு மழையில் தட்டு தருவது உங்கள் சோளம்தான். ஒரு கால் ஏக்கரை அதற்கு விடுங்கள். வேலியோரம் வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச் செடி போடலாம். அதன் விதைத்தோல் கெட்டி, 80 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்தால்தான் ஒழுங்காக முளைக்கும்.

சோளம் பெரும்பாலும் தன் பூவிலேயே சூல் கொள்ளும், ஒவ்வொரு செடியின் வழியும் தனித்தனியாகவே தொடரும். அதனால் உங்கள் வரப்பில் நிற்பது ஒரே சோளம் மாதிரி தெரிந்தாலும் உள்ளே பல வம்சம் கலந்திருக்கும். தட்டுக்கு அறுக்கும்போது ஒரு மூலையை விதைக்கு விடுங்கள். பெரிய கதிராகப் பார்த்து நாலைந்தோடு நிறுத்தாமல், முன்னே பூத்தது, பின்னே பூத்தது, குட்டை, நெட்டை என்று ஐம்பது அறுபது செடியிலிருந்து எடுங்கள். எனக்கும் பெரிய கதிரைக் கண்டால்தான் கை போகும், அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இளம் சோளத்தை மட்டும் மாட்டுக்குக் காட்டிவிடாதீர்கள். வாடிக் கிடந்து மழைக்குத் துளிர்த்ததும் அப்படித்தான், நச்சு ஏறியிருக்கும். பூத்தபின் அறுங்கள்.

விதைக் கதிரை நன்றாகக் காயவைத்து, விறகடுப்பு இருந்தால் அதற்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். புகை பட்ட கதிரில் அந்துப்பூச்சி அவ்வளவாக அண்டாது.