வகுப்பில் மகனுக்குச் சீனி இறங்கினால்?

களுவாஞ்சிகுடி தங்கச்சி, நாலாம் ஆண்டு மகனுக்கு முதலாம் வகை நீரிழிவு, வகுப்பு ரீச்சர் 'பொறுப்பெடுக்க ஏலாது' என்கிறா என்று எழுதியிருந்தீர்கள். கோபப்படாதீர்கள், அவவுக்குப் பயம். என் மகளின் ரீச்சரும் ஊசி போடச் சொல்லப்போகிறோம் என்றுதான் முதலில் மிரண்டா.

ஊசி போட வேண்டாம், இரத்தத்தில் சீனி இறங்குவதைக் கண்டுபிடித்தால் போதும் என்று சொல்லுங்கள். வியர்வை, கை நடுக்கம், திடீர்ப் பசி, காரணமில்லாத சிணுக்கம். என் மகளுக்கு எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கும். கொப்பியைப் பார்த்தே ரீச்சர் பிடித்துவிடுவா. சீனி பார்க்கும் மீற்றரில் 70 mg/dLக்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பச் சோதிக்க வேண்டும். மீற்றர் கையில் இல்லையா, காத்திராமல் கொடுக்கட்டும். சொக்கலேட் சரிவராது, கொழுப்பு சீனியைத் தாமதமாக்கும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. பக்கவாட்டில் படுக்க வைத்து 1990 அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும். சீனி இறங்கிய நேரம் பிள்ளையைத் தனியே குழாயடிக்கும் அனுப்பக்கூடாது.

இதையெல்லாம் கிளினிக் டொக்டரிடம் ஒரு தாளில் கையெழுத்தோடு வாங்கி அதிபரிடம் கொடுங்கள். வாய்ப்பேச்சுக்கு இல்லாத மரியாதை தாளுக்கு உண்டு! ஒரு பிரதி விளையாட்டு ஆசிரியருக்கும் போகட்டும். இல்ல விளையாட்டுப் பயிற்சி நாட்களில்தான் எங்களுக்கு அடிக்கடி இறங்கியது.

இன்சுலின் பாடசாலைக்குப் போவதானால் புத்தகப் பையில் வேண்டாம். நம்மூர் வெயிலில் கெட்டுவிடும். அதைக் குளிர்ச்சியாக வைக்க அலுவலகத்தில் ஒரு ஈர மண்சட்டி வைக்கக் கேளுங்கள்.